பழைய ஆஸ்திரேலியத் தந்தித் தாள்கள்: எது எந்த வகை?

யாரா நதிக்கரை (மெல்பன்):

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு சந்தையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை வாங்கினேன். உள்ளே சட்டைப் பொத்தான்கள், இரண்டு சாவிகள், அடியில் நாலாக மடித்த ஏழு தந்தித் தாள்கள். தபால்தலை சேர்ப்பதில் எனக்கு இருபது வருடப் பழக்கம் உண்டு. ஆனால் தந்தித் தாள் பக்கம் இதுவரை போனதே இல்லை. ஏழையும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். பெயர், முகவரிகளை மறைத்துவிட்டேன்.

என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். முதல் தாளில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கிற பிரிட்டிஷ் அரசுச் சின்னம். தலைப்பில் ‘எலெக்ட்ரிக் டெலிகிராஃப், நியூ சவுத் வேல்ஸ்’ என்று இருக்கிறது. தேதி முத்திரை தேய்ந்துபோய் ஆண்டு தெரியவில்லை. அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ‘சார்லஸ் பாட்டர், அரசு அச்சகர்’ என்ற வரி. இரண்டாவதிலும் அதே சிங்கச் சின்னம்தான், ஆனால் மேலே ‘காமன்வெல்த் ஆஃப் ஆஸ்திரேலியா’ வந்துவிட்டது.

மூன்றாவதில் கங்காருவும் ஈமுவும். முத்திரை 1915 மே. நாலாவதிலும் கங்காருவும் ஈமுவும்தான். முத்திரை 1915 ஆகஸ்ட். ஆனால் இரண்டு சின்னங்களும் ஒன்றுபோல இல்லை. என்னை ரொம்பக் குழப்புவது இதுதான். மூன்றே மாதத்தில் சின்னத்தை மாற்றினார்களா?

ஐந்தாவதில் செய்தி கையெழுத்தில் இல்லை. காகித நாடாவில் அச்சாகி, வரி வரியாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. ஆறாவது யாரும் எழுதாத வெற்றுத் தாள். கட்டணக் கட்டத்தில் டாலர், சென்ட். ஏழாவதில் அரசுச் சின்னமே கிடையாது. ‘வயா ஈஸ்டர்ன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

இவற்றை எப்படி வகை பிரிப்பது, எங்கே தொடங்குவது? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

நாலணா (கோவை):

அண்ணா, மூன்றையும் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னும் பெரிதாக ஒரு ஸ்கேன் போடுங்கள். கேடயத்தின் உள்பக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பூதக்கண்ணாடி (சிட்னி):

நல்ல கொத்து. ஏழும் ஏழு காலம். ஒவ்வொன்றாகப் போவதற்கு முன்னால், எல்லாத் தாளையும் முதலில் இரண்டு குவியலாகப் பிரித்துவிடுங்கள்: அனுப்புகிறவர் எழுதிக் கொடுத்த தாள், பெறுகிறவர் கைக்குப் போன தாள். இதைக் கலந்துவிட்டால் அப்புறம் எந்த ஒப்பீடும் சரியாக வராது.

அனுப்பும் தாளில் அனுப்புகிறவரின் கையொப்பத்துக்கும் முகவரிக்கும் இடம் இருக்கும், கட்டணம் எழுதக் கட்டம் இருக்கும், சில காலங்களில் தபால்தலை ஒட்டவும் இடம் விட்டிருப்பார்கள். சேர்ப்பிக்கும் தாளில் தந்தி புறப்பட்ட அலுவலகம், சொற்களின் எண்ணிக்கை, கொடுத்த நேரம் என்று மேலே ஒரு வரிசைக் கட்டம் இருக்கும், கீழே செய்தி. முத்திரை போய்ச் சேர்ந்த ஊருடையது. அனுப்பும் தாள் அலுவலகத்திலேயே தங்கிவிடும், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் அழித்துவிடுவார்கள். அதனால் வீடுகளில் தப்பிப் பிழைத்ததெல்லாம் பெரும்பாலும் சேர்ப்பிக்கும் தாள்தான். உங்கள் ஏழில் ஆறாவது மட்டும் அனுப்பும் தாள், அதுவும் எழுதப்படாமல் இருந்ததால் தப்பித்தது. மற்ற ஆறும் யாரோ வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பத்திரப்படுத்தியவை.

இனி முதல் தாள். ஆஸ்திரேலியாவின் முதல் தந்திக் கம்பி 1854-இல் மெல்பனுக்கும் வில்லியம்ஸ்டவுனுக்கும் நடுவே போடப்பட்டது. சாமுவேல் மெக்கோவன் என்பவர் முன்னின்று போட்டார். 1901-இல் ஒன்றாகும்வரை ஆஸ்திரேலியா என்று ஒரே நாடு கிடையாது. ஆறு காலனிகள், ஆறு தந்தித் துறைகள், ஆறு அரசு அச்சகங்கள். ஆகவே 1901-க்கு முந்தைய தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கப் பார்க்காதீர்கள். முதலில் காலனி, பிறகு அச்சகர், அதற்குப் பிறகுதான் ஆண்டு.

அச்சகர் பெயர்தான் கையில் கிடைக்கிற சாவி. நியூ சவுத் வேல்ஸில் பாட்டருக்குப் பின் வில்லியம் ஆப்பிள்கேட் கல்லிக் 1896-இல் பொறுப்பேற்று, 1922-இல் இறக்கும்வரை இருந்தார். விக்டோரியாவில் ஜான் ஃபெரஸ் 1851 முதல் 1887 வரை, அவரை அடுத்து ராபர்ட் பிரெய்ன். உங்கள் தாளில் பாட்டர் பெயர் இருப்பதால் அது அச்சானது 1896-க்கு முன்னால். முத்திரை தேய்ந்திருந்தாலும் இவ்வளவு சொல்லிவிடலாம். கல்லிக் பெயர் இருந்திருந்தால் காலனிகள் சேர்ந்து காமன்வெல்த் என்ற ஒரே நாடு ஆனதற்கு முன்னா பின்னா என்று தலைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும், ஏனென்றால் அவர் இரண்டு பக்கமும் இருந்தவர்.

புதியவன் 22:

ஐயா, ஒரு சந்தேகம். காலனி வேறு என்றாலும் தந்தி ஒன்றுதானே? ஏன் ஆளாளுக்குத் தனித்தனித் தாள் அடித்தார்கள்?

பூதக்கண்ணாடி:

தாள் மட்டும் இல்லை தம்பி, தட்டுகிற சங்கேதமே வேறாக இருந்தது. அடிலெய்டையும் பெர்த்தையும் இணைக்கும் கம்பி 1877-இல் முடிந்தது. இரண்டு காலனிகளும் சந்திக்கிற இடம் யூக்ளா, பாலைவன ஓரத்துக் கடற்கரை. தெற்கு ஆஸ்திரேலியா அமெரிக்க மோர்ஸ் சங்கேதத்தைப் பயன்படுத்தியது, மேற்கு ஆஸ்திரேலியா சர்வதேச மோர்ஸை. அதனால் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு காலனிகளின் தந்தி ஊழியர்களும் இருந்தார்கள். ஒருவர் காதால் கேட்டு எழுதிய தாளை மற்றவர் வாங்கித் தன் சங்கேதத்தில் மறுபடி தட்டி அனுப்ப வேண்டும். சங்கேதத்திலேயே இவ்வளவு பிரிந்திருந்தவர்கள் தாளின் கட்டத்தையும் எழுத்தையும் பொதுவில் வைத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

நாலணா:

இரண்டாவது தாளைப் பற்றி நான் சொல்கிறேன். ஆறு காலனிகளும் 1901 ஜனவரி 1-இல் ஒன்றாயின. தபாலும் தந்தியும் மத்திய அரசுக்குப் போனது 1901 மார்ச் 1. அப்போது புது நாட்டுக்கென்று சொந்தச் சின்னம் கிடையாது. அதனால் ‘காமன்வெல்த்’ என்ற வார்த்தையும் பழைய சிங்கமும் ஒரே தாளில் இருந்தால் அது அந்த இடைக்காலத்துத் தாள். எனக்கு இந்த இடைக்காலத் தாள்கள்தான் உயிர். மாநில அரசு அச்சகங்களே தொடர்ந்து அடித்துக் கொடுத்ததால் சிட்னித் தாளும் மெல்பன் தாளும் அப்போதும் அண்ணன் தம்பி மாதிரி, ஜாடை ஒன்று, முகம் வேறு.

அப்புறம் நிபந்தனை வரிகளைப் படியுங்கள். புகாரை யாருக்கு எழுத வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ‘டெபுடி போஸ்ட்மாஸ்டர் ஜெனரல்’ என்று இருந்தால் காமன்வெல்த் காலம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு டெபுடி 1901-க்குப் பிறகு வந்தவர். தலைப்பு கிழிந்துபோன தாளைக்கூட இந்த ஒரு வரியை வைத்து நான் பிரித்திருக்கிறேன். தந்திச் சட்டத்தின் பெயரைச் சொல்லும் வரியும் அப்படித்தான்.

கட்டணமும் உதவும். 1902 நவம்பர் 1 முதல் நாடு முழுவதும் ஒரே கட்டணம். 16 சொற்களுக்கு நகருக்குள் 6 பென்ஸ், மாநிலத்துக்குள் 9 பென்ஸ், மாநிலம் தாண்டினால் 1 ஷில்லிங். அதற்கு மேல் ஒரு சொல்லுக்கு 1 பென்னி. அவசரத் தந்தி என்றால் இரட்டிப்பு. முகவரியும் கையொப்பமும் அந்த 16-க்குள் அடக்கம். அனுப்பும் தாளில் இந்தத் தொகைகள் அச்சாகி இருந்தால் 1902 நவம்பருக்கு முந்தையது அல்ல என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

யாரா நதிக்கரை:

இரண்டாவது தாளில் டெபுடி இருக்கிறார்! இதுவரை அந்த வரியைப் படிக்கவே இல்லை நான். மூன்று, நாலின் பெரிய ஸ்கேன் இதோ. மூன்றாவதின் கேடயத்தில் நடுவில் ஒரு சிலுவை, அதன்மேல் நட்சத்திரங்கள், ஓரம் சுற்றிக் குட்டிக் குட்டிக் கேடயங்கள். கங்காருவும் ஈமுவும் புல்தரையில் நிற்கின்றன. நாலாவதில் கேடயம் ஆறு கட்டமாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம். புல் இல்லை, பின்னால் ஏதோ பூங்கொத்து.

மஞ்சள் உறை (அடிலெய்டு):

அந்தப் பூங்கொத்து, வாட்டில் என்ற ஆஸ்திரேலியப் பூ. நாலாவதில் இருப்பது 1912 செப்டம்பரில் வழங்கப்பட்ட சின்னம், ஆறு கட்டமும் ஆறு மாநிலங்களின் சின்னங்கள். மூன்றாவதில் இருப்பது 1908-இல் வழங்கப்பட்ட முதல் சின்னம். அதில் மாநிலங்களுக்கு இடம் இல்லை என்று குறை எழுந்துதான் நாலே வருடத்தில் மாற்றினார்கள்.

லென்ஸ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், நான் சந்தைக்குப் போகும்போதெல்லாம் செய்வது. சட்டைப்பையில் ஒரு பழைய ஆஸ்திரேலிய 6 பென்ஸ் நாணயமும் ஒரு 50 சென்ட் நாணயமும் வைத்துக்கொள்ளுங்கள். 6 பென்ஸில் 1910-இலிருந்து 1963 வரைக்கும் 1908 சின்னம்தான். மற்ற நாணயங்களில் மாற்றினாலும் அதில் மாற்றவே இல்லை. 50 சென்டில் 1912 சின்னம். தாளின் பக்கத்தில் இரண்டையும் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். எப்படிப்பட்ட மங்கிய அச்சாக இருந்தாலும் ஆறு கட்டமா, ஒரே சிலுவையா என்பது தப்பாது.

ஆனால் உங்கள் கேள்வி அதுவல்ல. 1912-இல் சின்னம் மாறிவிட்டது என்றால் 1915 மே மாதத்தில் பழைய சின்னம் எப்படி வந்தது?

தந்திக்கம்பி (திருச்சி):

இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நான் இந்தியத் தந்தித் துறையில் முப்பத்திரண்டு வருடம் கவுண்டரிலும் கருவி முன்னாலும் உட்கார்ந்தவன். நாடு வேறானாலும் அலுவலகப் பழக்கம் ஒன்றுதான்.

படிவம் மேலிடத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும். பெரிய ஊரில் ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும் கட்டு, சின்ன ஊரில் மூன்று வருடம் கிடக்கும். புதுக் கட்டு வந்தால் பழையதின் அடியில் வைப்போம், ஏனென்றால் பழையதை முதலில் தீர்க்கச் சொல்லி விதி. தலைப்பு மாறிவிட்டது என்பதற்காக நல்ல தாளை யாரும் அடுப்பில் போடமாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த சிற்றூரில் அலமாரியின் கடைசித் தட்டில் பழைய படிவம் ஒரு கட்டு இருந்தது. மூத்தவர் ஒருவர் அதன் தலைப்பைப் பேனாவால் அடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார், அதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தம்பி, முத்திரை சொல்வது தாளைப் பயன்படுத்திய நாள். தாள் பிறந்த நாள் அடி ஓரத்தில் இருக்கிறது. உங்கள் மூன்றாவது தாள் எந்த ஊர் முத்திரை என்று பாருங்கள். சின்ன ஊராகத்தான் இருக்கும்.

யாரா நதிக்கரை:

ஐயா, சொன்னால் நம்பமாட்டீர்கள். மூன்றாவது விக்டோரியாவின் உள்நாட்டில் ஒரு சிற்றூர். நாலாவது மெல்பன்.

பூதக்கண்ணாடி:

தந்திக்கம்பி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காமன்வெல்த் காலத்துத் தாள்கள் பலவற்றில் அடி ஓரத்தில் ஒரு எண்ணும், அதை ஒட்டி ஒரு கோடும், மாதமும் ஆண்டும் இருக்கும். ‘6/1911’ என்று இருந்தால் 1911 ஜூன் அச்சு. தாளை நேராக வெட்டியிருந்தால் அந்த வரி முழுசாக இருக்கும். சேகரிப்பாளர்கள் ஆல்பத்துக்குப் பொருத்த ஓரம் வெட்டுவது எனக்குப் பெரிய வேதனை. வெட்டுகிற அந்தக் கால் அங்குலத்தில்தான் தாளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தயவுசெய்து யாரும் ஓரத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் ஸ்கேனில் மூன்றாவதின் அடி ஓரம் தெரியவில்லை. வெட்டுப்பட்டதா, மடிந்திருக்கிறதா?

நாலணா:

இங்கே ஒரு கருத்து வேறுபாடு. மாதமும் ஆண்டும் மாறினாலே அதை நான் தனி வகையாகத்தான் கணக்கு வைக்கிறேன். எழுத்துரு மாறினால் இன்னொன்று. ‘டெலிகிராம்’ என்ற தலைப்புச் சொல்லுக்கும் மேல் கோட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் இன்னொன்று. இப்படி மெல்பன் தாளில் மட்டும் என்னிடம் 40 வகை இருக்கிறது.

பூதக்கண்ணாடி:

நாலணா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். ஈய எழுத்தைக் கோத்து அடிக்கிற அச்சில், இவ்வளவு பெரிய எண்ணிக்கை என்றால் ஒரே படிவத்தைப் பல தடவை கோத்தோ வார்ப்பெடுத்தோ ஒரு பெரிய தாளில் பக்கம் பக்கமாக வைத்து அடித்து, அப்புறம் வெட்டுவார்கள். பக்கத்துப் பக்கத்துப் படிவங்களுக்கு நடுவிலேயே இடைவெளி மாறும், ஒரு காற்புள்ளி உடைந்திருக்கும். ஒரே நாளில், ஒரே எந்திரத்தில், ஒரே தாளில் பிறந்த இரண்டை இரண்டு வடிவமைப்பு என்று சொன்னால் வடிவமைப்பு என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும்.

நான் மூன்று அடுக்காகப் பிரிக்கிறேன். சின்னம், தலைப்பு, கட்டங்களின் வரிசை, நிபந்தனையின் வாசகம் இவற்றில் ஒன்று மாறினால் அது வகை, யாரோ ஒரு அதிகாரி உத்தரவிட்டு மாறியது. வாசகம் அப்படியே இருந்து எழுத்துருவோ வரி முறிவோ மாறி, அச்சுத் தேதியும் மாறியிருந்தால் அது துணை வகை, அச்சகத்தில் மறுபடி கோத்திருக்கிறார்கள். தேதி அதே, இடைவெளி மட்டும் வேறு என்றால் அது வெறும் கோப்பு வேறுபாடு, அதாவது எழுத்தைக் கோத்ததில் வந்த வேறுபாடு. குறித்து வையுங்கள், ஆனால் தனி எண் கொடுக்க வேண்டாம்.

நாலணா:

மூன்றாவது அடுக்கைத் தனி எண் இல்லாமல் எப்படி இன்னொருவருக்குச் சொல்வது? சரி, என்னுடைய 40-ஐ மறுபடி எடுத்துப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் உங்கள் கணக்கில் வகை 6, துணை வகை 17 வருகிறது. மிச்சம் 17 கோப்பு வேறுபாடு. ஆனால் அந்த 17-இல் ஒன்று மட்டும் என் பக்கம் நிற்கிறது. ‘நேரம்’ என்ற கட்டத்தின் செங்குத்துக் கோடு அதில் சொற்களின் எண்ணிக்கைக் கட்டத்துக்கு இடப்பக்கம் இருக்கிறது, மற்றவற்றில் வலப்பக்கம். தேதி ஒன்றுதான். இதை என்ன சொல்வீர்கள்?

பூதக்கண்ணாடி:

கட்ட வரிசை மாறியிருக்கிறது. அப்படியானால் அது வகையே. நீங்கள் சொன்னது சரி, தேதி ஒன்று என்பதால் கீழே தள்ளக் கூடாது. என் மூன்று அடுக்கில் தேதியை இரண்டாவது அடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மஞ்சள் உறை:

நீங்கள் இருவரும் பேசி முடிப்பதற்குள் ஒரு எச்சரிக்கை. மூன்றாவது தாளில் எழுத்து ஊதா கலந்த கறுப்பாக இருக்கிறது. அது சாதாரண பென்சில் இல்லை. காப்பி எடுக்கிற பென்சில். அதன் கறுப்புக்குள் சாயம் கலந்திருக்கும், ஈரம் பட்ட உடனே ஊதாவாகப் பரவும். பத்து வருடம் முன்பு, ஆல்பத்தில் ஒட்டுவதற்கான பசைத்துண்டு, பழைய ஹிஞ்ச் ஒன்றை எடுக்க ஈரப் பஞ்சை வைத்தேன். பின்பக்கம்தானே என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் ‘வருகிறேன்’ என்ற வார்த்தை கத்தரிப்பூ நிறத்தில் கரைந்து வட்டமாகிவிட்டது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், தூக்கிப்போட மனம் வரவில்லை. மடிப்பை நிமிர்த்த ஆவி காட்டாதீர்கள், ஈரம் வேண்டவே வேண்டாம். கனமான இரண்டு அட்டைக்கு நடுவே பத்து நாள் வையுங்கள், தானாகப் படியும்.

இன்னொன்று கேட்க வேண்டும். மூன்றாவது தாளில் முகவரியை மறைத்தீர்கள், ஆனால் பெயருக்கு முன்னால் ‘ரெவரெண்ட்’ என்ற சொல் தெரிகிறது. பாதிரியாருக்கு வந்த தந்தியா அது?

யாரா நதிக்கரை:

ஆமாம் அக்கா. செய்தியையும் மறைத்தே போட்டேன். ராணுவத்திலிருந்து வந்தது. இன்னாருடைய மகன் போரில் இறந்துவிட்டார், குடும்பத்துக்குத் தயவுசெய்து தெரிவிக்கவும் என்ற பொருளில். எதற்கு ஒரு பாதிரியாருக்கு அனுப்பினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மஞ்சள் உறை:

முதல் உலகப் போரில் இங்கே அதுதான் வழக்கம். காயம் என்றால் தந்தி நேராக வீட்டுக்குப் போகும். சாவு என்றால் முதலில் அந்தக் குடும்பத்தின் மதப் பிரிவைச் சேர்ந்த பாதிரியாருக்கு. அவர் தாளை எடுத்துக்கொண்டு நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். தெருவில் பாதிரியார் வருவதைக் கண்டால் வீட்டுக்கு வீடு பெண்கள் கதவருகே நின்று, யார் வீட்டுப் படியில் ஏறப்போகிறார் என்று பார்த்தார்கள். துருக்கியின் கலிப்போலியில் ஆஸ்திரேலியப் படை இறங்கியது 1915 ஏப்ரல் 25. உங்கள் முத்திரை மே மாதம்.

பெயரை மறைத்தது நல்ல காரியம்.

தந்திக்கம்பி:

நம் ஊரில் தந்தி என்றாலே வாசலில் அழுகை தொடங்கிவிடும். பிரிப்பதற்கு முன்னாலேயே அழுவார்கள். கல்யாண வாழ்த்தாக இருந்தாலும் தந்திக்காரர் வாசலிலேயே ‘நல்ல சேதிதாம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டுவார். நானும் இரண்டு வருடம் அப்படிச் சொல்லி நீட்டியிருக்கிறேன்.

ஐந்தாவது தாளுக்கு வருகிறேன், அது என் துறை. டெலிபிரிண்டர் நாடா. பின்னால் பசை தடவிய ஒடுக்கமான காகித நாடாவில் கருவி எழுத்தை அடித்துக்கொண்டே போகும். ஊழியர் அதை ஈரப்படுத்தி, வார்த்தை உடையாத இடத்தில் கிழித்து, தாளில் வரியாக ஒட்டுவார். உங்கள் தாளில் இரண்டாவது வரி கொஞ்சம் ஏறி ஒட்டியிருக்கிறது பாருங்கள், அவசர நேரத்து வேலை. நாடா ஒட்டுவதற்கு எழுதும் கோடு தேவையில்லை. உங்கள் ஐந்தாவது தாளில் கோடே இல்லாத வெற்றிடம் இருப்பதற்குக் காரணம் அதுதான். கையால் எழுதும் தாளில் கோடு இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் மெல்பன்–சிட்னி கம்பியில் மர்ரே மல்டிபிளெக்ஸ் என்ற அச்சடிக்கும் முறை 1922-இல் வந்தது. அதைக் கண்டுபிடித்த டொனால்ட் மர்ரே நியூசிலாந்தில் பிறந்து சிட்னியில் பத்திரிகை வேலை பார்த்தவர். 1959-இல் தந்தியைக் கருவியே வழிமாற்றி அனுப்பும் டிரெஸ் என்ற முறை தொடங்கியபின் நடுவழி அலுவலகத்தில் ஆள் உட்கார்ந்து மறுபடி தட்டுகிற வேலையே போயிற்று. எனவே நாடாவை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லிவிடாதீர்கள், அது நீண்ட காலம் இருந்தது. தாளின் அச்சு வரியைப் பாருங்கள்.

நாலணா:

ஆறாவது சுலபம். டாலர், சென்ட் வந்தது 1966 பிப்ரவரி 14. தலைப்பில் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் துறை என்று இருந்தால் 1975 ஜூலை 1-க்கு முந்தைய அச்சு. அன்றைக்குத்தான் துறை இரண்டாகப் பிரிந்து, தபால் ஆஸ்திரேலியா போஸ்டுக்கும் தந்தியும் தொலைபேசியும் டெலிகாம் ஆஸ்திரேலியாவுக்கும் போயின. முகவரிக் கட்டத்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு இடம் இருக்கிறதா?

யாரா நதிக்கரை:

நாலு சின்னக் கட்டம் இருக்கிறது. துறையின் பெயரும் இருக்கிறது.

நாலணா:

அப்படியானால் 1967-க்கும் 1975-க்கும் நடுவே. குறியீட்டு எண் வந்தது 1967-இல். தேதி அச்சாகாத வெற்றுத் தாளுக்கு இதைவிட நெருக்கமாகப் போக முடியாது. தந்திச் சேவையே 1993-இல் நின்றுவிட்டதால், டெலிகாம் தலைப்புத் தாள்களுக்கு 18 வருடம்தான் ஆயுசு. மலிவாகக் கிடைக்கும்போதே எடுத்து வையுங்கள்.

பூதக்கண்ணாடி:

ஏழாவது தாள் அரசாங்கத்தினுடையதே இல்லை. அதை மற்ற ஆறோடு ஒரே வரிசையில் வைக்காதீர்கள். கடல் கடந்த செய்திகளைத் தனியார் கம்பெனிகள் கொண்டுசென்றன, தாளும் அவர்களுடையது. ‘வயா’ என்பதற்குப் பின்னால் வருகிற சொல்தான் பாதை. ‘வயா ஈஸ்டர்ன்’ என்றால் ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் கம்பெனியின் கடலடிக் கம்பி. ‘வயா பசிபிக்’ என்றால் 1902-இல் முடிந்த பசிபிக் கம்பி, கனடாவிலிருந்து ஃபானிங் தீவு, ஃபிஜி, நார்ஃபோக் தீவு வழியாக குவீன்ஸ்லாந்துக்கு வந்தது. ‘வயா பீம்’ என்றால் கம்பியில்லாத் தந்தி. அது இங்கிலாந்துக்குத் திறந்தது 1927 ஏப்ரலில். 1929-இல் கம்பிக் கம்பெனிகளும் கம்பியில்லாக் கம்பெனிகளும் இணைந்தபின் ‘வயா இம்பீரியல்’ வந்தது. 1946-இல் கடல் கடந்த தொடர்புக்கென்று அரசே தனி ஆணையம் அமைத்தது. இந்த ஒரு சொல்லை வைத்தே கம்பெனித் தாள்களை வரிசைப்படுத்தலாம்.

தந்திக்கம்பி:

ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என்று கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கம்பியின் ஒரு முனை நம் மதராஸ். மதராஸிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு 1871-வாக்கில் கடலடிக் கம்பி வந்துவிட்டது. அங்கிருந்து ஜாவா. ஜாவாவின் கிழக்கு முனை பன்யுவாங்கியிலிருந்து டார்வினுக்கு 1871 நவம்பரில் கரை ஏறியது. அந்தப் பக்கம் சார்லஸ் டாட் தலைமையில் போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின்வரை பாலைவனத்தின் குறுக்கே 36,000 கம்பங்கள் நட்டு, 1872 ஆகஸ்ட் 22-இல் கம்பியின் இரண்டு முனைகளையும் சேர்த்தார்கள். தனித்தனியாக இருந்த கம்பெனிகள் 1873-இல் இணைந்து உருவானதுதான் ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன்.

ஆரம்பத்தில் அடிலெய்டில் ஒருவர் லண்டனுக்குத் தந்தி கொடுத்தால் அது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டார்வின், சிங்கப்பூர் தாண்டி மதராஸில் கரை ஏறி, தரைவழிக் கம்பியில் பம்பாய் போய், மறுபடி கடலில் இறங்கி ஏடன் பக்கம் போகும். 20 சொல்லுக்குக் கிட்டத்தட்ட 10 பவுண்டு. நான் வேலையில் சேர்ந்தபோது சென்னையில் மூத்தவர்கள் இந்தக் கம்பியைப் பற்றிச் சொல்வார்கள், அவர்களும் தங்கள் மூத்தவர்களிடம் கேட்டதுதான். எங்கள் துறையின் தந்தி 2013 ஜூலையில் முடிந்தது. ஈஸ்டர்ன் கம்பியின் அந்த ஏழாவது தாளைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம் தம்பி.

புதியவன் 22:

நான் ஒன்று கூட இன்னும் வாங்கவில்லை. எதில் தொடங்கினால் செலவு குறைவு?

மஞ்சள் உறை:

ஒரு மாநிலம், ஒரு காலம் என்று எடுத்துக்கொள் தம்பி. 1912-க்குப் பிறகு 1930 வரை விக்டோரியா என்று வைத்துக்கொண்டால் தாள் நிறையக் கிடைக்கும், அச்சு வரியும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அழகான வாழ்த்துத் தாளில் தொடங்காதே. கிறிஸ்துமஸ் வண்ணத் தாள்களை எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள், கேட்கிற விலையும் அதிகம். வெறும் கறுப்பு எழுத்துத் தாளில் பழகினால்தான் கண் பழகும்.

யாரா நதிக்கரை:

பத்து நாள் ஆயிற்று. அக்கா சொன்னபடி மூன்றாவது தாளை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்திருந்தேன், ஈரமே காட்டவில்லை. இன்று காலை எடுத்தேன். அடி ஓரம் வெட்டுப்படவில்லை, பின்பக்கமாக மடிந்திருந்தது. இவ்வளவு நாள் மடிந்தே இருந்ததால் அந்தப் பட்டை மட்டும் மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு நீளமான எண், கோடு, ‘11/1911’.

அதாவது 1911 நவம்பரில் அச்சாகி, அந்தச் சிற்றூரின் அலமாரியில் மூன்றரை வருடம் கிடந்திருக்கிறது. நாலாவதில் ‘2/1915’. பூதக்கண்ணாடி ஐயாவின் கணக்கில் சின்னம் வேறு, அதனால் இரண்டும் தனித்தனி வகை. நிபந்தனை வாசகத்தை வரி வரியாக ஒப்பிட்டேன், அது ஒன்றேதான்.

பக்கத்தில் 6 பென்ஸ் ஒன்றையும் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன், பக்கத்துத் தெரு நாணயக் கடையில் வாங்கினேன், 1951. கேடயத்தின் ஓரத்துக் குட்டிக் கேடயங்கள்வரை பொருந்துகிறது. மூன்றாவது தாளை மட்டும் ஆல்பத்தில் சேர்க்கவில்லை, தனி உறையில் வைத்திருக்கிறேன். ஏழாவதின் பின்பக்கத்தில் பென்சிலில் ஏதோ எண்கள் இருக்கின்றன. நாளைக்கு ஸ்கேன் செய்து போடுகிறேன், தந்திக்கம்பி ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.